கிணற்றுமேட்டில் ஒரு பொறி: பெரம்பலூர், அரியலூர் சீமையின் கவலை ஏற்றம்

வேப்பந்தட்டைப் பக்கமோ செந்துறைப் பக்கமோ பழைய இறவைக் கிணறு ஒன்றின் மேட்டில் ஏறி நின்றால் சில அடையாளங்கள் இன்னும் கண்ணில் படலாம். கிணற்றின் வாய்க்கு மேலே உள்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் கற்பலகைகள். அவற்றை ஒட்டி ஒரு சின்னத் தொட்டி, அதிலிருந்து புறப்பட்டுத் தூர்ந்துபோன வாய்க்கால் தடம். அதற்கும் பின்னால் சரிந்து இறங்கும் நீளமான ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் இப்போது பெரும்பாலும் சீமைக் கருவேலம்தான் மண்டியிருக்கும். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்பு வரை அதில் இரண்டு மாடுகள் காலையிலும் மாலையிலும் இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. கவலை ஏற்றம் நின்ற இடம் அது. தெற்கே அதையே கமலை என்பார்கள்.

பெரம்பலூரும் அரியலூரும் கடலைப் பார்க்காத மாவட்டங்கள். ஆனால் மண்ணுக்குக் கடலோடு பழைய பந்தம் உண்டு. ஆங்கிலேய நிலவியலாளர் ஹெச். எஃப். பிளான்போர்டு இந்தப் பகுதியை அளந்து ஆராய்ந்து 1862இல் வெளியிட்ட அறிக்கைதான், ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பாறை அடுக்குகளைப் பிரித்துப் பெயரிட்டது. கிரெட்டேசியக் காலத்துக் கடல் விட்டுப்போன சுண்ணாம்பும் களிமண்ணும் சிப்பியும் அம்மோனைட்டும் அந்த அடுக்குகளில் கிடக்கின்றன. சிமெண்ட் ஆலைகள் இங்கே வந்ததும் அந்தச் சுண்ணாம்புக்காகத்தான்.

கிணறு வெட்டுகிறவனுக்கும் இந்தப் பாறைக் கணக்கு முக்கியம். மேற்கே பெரம்பலூர், வேப்பந்தட்டைப் பக்கம் கெட்டிப்பாறை. மேலே மக்கிய பாறை, கீழே வெடிப்புகளில் ஊறும் ஊற்று. அங்கே அகலமாக வெட்டினால்தான் தண்ணீர் தேங்கும். அதனால்தான் குளம் போல அகன்ற கிணறுகள். காரை, ஊட்டத்தூர்ப் பக்கத்துக் களிமண்ணில் ஜிப்சம் கலந்திருக்கும், நீர் உவர்க்கும். கிழக்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் செம்மண்ணும் மணற்பாறையும். அங்கே நீர் ஆழத்தில் கிடந்தது. அதனால் வானம் பார்த்த முந்திரிக் காடுகள் பெருகின. தெற்கே திருமானூர், திருமழபாடியில் கொள்ளிடக் கரை. சில முழத்திலேயே தண்ணீர். ஒரே சீமைக்குள் நாலு விதமான தரை. நீரைத் தூக்கும் கருவியும் அதற்கேற்ப மாறியது.

இந்த மண்ணில் அரசர்கள் செய்த பாசனம் நீரைத் தூக்கவில்லை, ஓடவிட்டது. கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மேற்கே ராசேந்திர சோழன் வெட்டிய சோழகங்கத்தைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீராலான வெற்றித்தூண் என்றே புகழ்கிறது. பொன்னேரி என்று இன்று அழைக்கப்படும் அந்த ஏரிக்குக் கொள்ளிடத்திலிருந்து கால்வாய் வந்தது. அந்த ஊர்க் கோயிலின் சிங்கமுகக் கிணற்றில்கூடப் படியிறங்கிப் போய்த்தான் தண்ணீரைத் தொட வேண்டும். ஏரிக்கும் கால்வாய்க்கும் எட்டாத மேட்டு நிலத்துக்காரன் பாடுதான் வேறு. அவனைப் பற்றி மெய்க்கீர்த்தி எழுதப்படவில்லை. ஆனால் தானம் கொடுத்த சோழர் செப்பேடுகளில் அவன் நிழல் விழுகிறது: தானமாகத் தந்த ஊரின் வாய்க்காலில் பிறர் குற்றேத்தம் போட்டும் கூடை கொண்டும் நீர் இறைக்கக் கூடாது என்ற நிபந்தனை திரும்பத் திரும்ப வரும். தடை போட வேண்டியிருந்தது என்றால், இறைத்துக்கொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள்.

கொள்ளிடக் கரையிலும் ஏரிக் கோடியிலும் ஆழம் குறைவு. அங்கே இறைகூடையே போதும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று கயிறு கட்டிய கூடையை வீசி வீசி நீரை மேட்டுக்கு ஏற்றுவார்கள். கொஞ்சம் ஆழமானால் ஏற்றம். நிறுத்திய காலில் குறுக்கே ஆடும் நீண்ட மரம், அதன் மேல் முன்னும் பின்னும் நடக்கிற ஆட்கள், நுனியில் தொங்கும் கழியைப் பிடித்துச் சால் என்னும் வாளியைக் கவிழ்க்க ஒருவர். பிள்ளையாரில் தொடங்கி எண்ணிக்கை வைத்துப் பாடும் ஏற்றப்பாட்டு இவர்களுடையது. பாட்டு என்பது இங்கே களைப்பு தீர்க்க மட்டும் வந்ததன்று. எத்தனை சால் ஊற்றியாயிற்று, எப்போது ஆள் மாற வேண்டும் என்ற கணக்கு அதில்தான் இருந்தது.

கிணறு இருபது முப்பது அடியைத் தாண்டினால் ஏற்றம் கைகொடுக்காது. மரம் அவ்வளவு தாழாது, ஆளும் தாங்கமாட்டான். அங்கே மாட்டைக் கூப்பிட வேண்டியதுதான். கருங்கல் பிளந்து வெட்டிய பெரம்பலூர்க் கிணறுகளில் கவலை நிலைபெற்றது இப்படித்தான்.

கவலையின் சூட்சுமம் ஒரு சாலும் இரண்டு கயிறும். இங்கே சால் என்பது நூறு நூற்றைம்பது லிட்டர் பிடிக்கும் பெரிய பாத்திரம். முதலில் முழுக்கத் தோலாலும், இருபதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் இரும்புத் தகட்டாலும் செய்தார்கள். அதன் அடியில் வாளிக்கு இருப்பது போல மூடிய அடிப்பாகம் கிடையாது. அங்கே நீளமான தோல்குழாய் ஒன்று தைக்கப்பட்டிருக்கும். யானையின் கை மாதிரி தொங்குவதால் அதற்குத் தும்பி என்று பெயர். சாலின் வாயைப் பிடித்துத் தூக்குவது வடம் என்னும் தடித்த கயிறு. அது கிணற்றுக்கு மேலே உயரத்தில் இருக்கும் பெரிய கப்பியின் மேல் ஓடும். தும்பியின் நுனியைப் பிடிப்பது வால்கயிறு. அது கீழே, தொட்டியின் விளிம்பை ஒட்டிக் கிடையாகப் பொருத்திய உருளையின் மேல் ஓடும். இரண்டு கயிறும் போய்ச் சேருவது ஒரே நுகத்தடியில்.

வால்கயிற்றின் நீளத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சால் கிணற்றுக்குள் இருக்கும்போது அந்தக் கயிறு தும்பியின் நுனியை மேல்நோக்கி மடக்கிச் சாலின் வாய்மட்டத்துக்குப் பிடித்திருக்கும். அதனால் ஒரு சொட்டும் ஒழுகாது. மாடுகள் பள்ளத்தில் இறங்க இறங்க இரண்டும் சேர்ந்தே மேலே வரும். உருளையைத் தாண்டியதும் சால் நேராக மேலே கப்பியை நோக்கிப் போகும். தும்பியோ உருளை மேல் படுத்துத் தொட்டிப் பக்கம் இழுபடும். இப்போது தும்பியின் வாய் சாலின் நீர்மட்டத்துக்குக் கீழே வந்துவிட்டது. கவிழ்க்க ஆள் தேவையில்லை, தண்ணீர் தானாகவே தொட்டியில் கொட்டும். வால்கயிறு ஒரு முழம் நீண்டால் ஏறும் வழியிலேயே நீர் கிணற்றுக்குள் ஒழுகிப் போகும். ஒரு முழம் குறைந்தால் தும்பி இழுபட்டுத் தையல் விடும். இந்த முடிச்சைச் சரியாகப் போடத் தெரிந்தவன்தான் கவலைக்காரன். கிணற்றடியில் ஆளில்லாமல் தானே கொட்டிக்கொள்ளும் ஒரு பொறியை எந்தப் பட்டறை வரைபடமும் இல்லாமல் அமைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறியியல் படித்தவர்கள் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம்.

நிறுத்துவது அடுத்த கலை. கிணற்று ஓரத்தில் இரண்டு கால்களை நட்டு, அவற்றைக் கிணற்றின் உள்பக்கமாகச் சாய்த்து, நடுவில் கப்பியை ஏற்ற வேண்டும். கப்பி கிணற்றுச் சுவரிலிருந்து நன்றாக விலகித் தொங்கினால்தான் ஏறும் சால் கல்லில் இடிக்காது. அதற்காக அதிகம் நீட்டினால் பாரம் முழுவதும் காலின் அடியைப் பெயர்க்கப் பார்க்கும். நிரம்பிய சாலும் நனைந்த வடமும் சேர்ந்தால் ஒன்றரைக் குவிண்டால் வரும். அது மாட்டின் ஒவ்வோர் அடிக்கும் துள்ளிக்கொண்டே ஏறுகிறது. ஆகவே கால்களின் அடியில் கனமான கல்லைப் பின்பக்கம் ஏற்றி அழுத்துவார்கள். மரம் கிடைக்கும் ஊரில் வேம்போ கருவேலமோ பனையோ. பாறை கிடைக்கும் ஊரில் கல்தூண். பெரம்பலூரின் மேற்குப் பக்கத்தில் கற்பலகைகள் மிஞ்சி நிற்பதும் இதனால்தான்.

இதே சங்கடத்தை இன்று கடலில் பார்க்கலாம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் பொழுதுபோக்காக நண்டு பிடிப்பவர்கள் கம்பிக் கூண்டில் இரை வைத்துக் கடலடியில் இறக்கி, பிறகு சின்ன மின்மோட்டார் இழுவை ஒன்றால் மேலே கொண்டுவருகிறார்கள். படகுக்கு அந்த இழுவையைத் தேர்ந்தெடுப்பவர் கேட்கும் கேள்விகள் கவலைக்காரன் கேட்டவையேதான். கூண்டு படகின் பக்கவாட்டில் உராயாமல் இருக்கக் கை எவ்வளவு நீள வேண்டும்? நீண்டால் படகின் விளிம்பு தாங்குமா, அடியில் பலகை கொடுத்து இறுக்க வேண்டுமா? கப்பியின் பள்ளம் கயிற்றைக் கவ்வுமா, வழுக்குமா? ஆழத்துக்கேற்ற கயிறு எது? அவர்களுக்கு மோட்டார்; இவர்களுக்கு மாடு. நம்முடைய பாக் நீரிணைக் கடற்கரையிலோ நண்டு வலையைப் பலர் இன்னும் கையால்தான் இழுக்கிறார்கள்.    

மாட்டுக்கு வெட்டிய அந்தச் சரிவுப் பள்ளத்துக்கு வாரி என்று பெயர். வாரியின் நீளம் கிணற்றில் நீர் கிடக்கும் ஆழத்துக்கு ஏறக்குறையச் சமமாக இருந்தாக வேண்டும். வடம் எவ்வளவு ஏற வேண்டுமோ அவ்வளவு மாடு நடந்தாக வேண்டும். கோடையில் நீர் இறங்கினால் வடத்தைக் கூட்டுவதோடு வாரியையும் கீழ்ப்பக்கம் வெட்டி நீட்டுவார்கள். சரிவு குறைந்தால் மாட்டுக்குப் பாரம் கூடும். சரிவு அதிகமானால் இறங்குவது லேசு, ஆனால் திரும்ப ஏறுவது கொடுமை. அதுவும் முன்னால் பார்த்து ஏறுவதில்லை. தமிழ்நாட்டுக் கவலையில் மாடுகள் பின்னால் நடந்தே மேட்டுக்கு வர வேண்டும். இதற்குப் பழக்குவது தனி வேலை. ஓட்டுகிறவன் இறங்கும்போது வடத்தின் மேல் குந்திக்கொள்வான். பார்ப்பவருக்கு அது சொகுசு போலத் தெரியும். உண்மையில் அவன் எடையும் சாலைத் தூக்கத்தான் போகிறது. அடிவாரியில் குதித்து இறங்கி, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாட்டைப் பின்னுக்குத் தள்ளி நடத்துவான். இந்த வேலைக்குக் காங்கேயம் மாட்டுக்குத் தனி மதிப்பு இருந்தது.

வாரியை எந்தத் திசையில் வெட்டுவது என்பதிலும் கணக்கு உண்டு. கிணறு வெட்டிய மண்ணைக் கொட்டி உயர்த்திய பக்கத்தில் வாரியின் தலை அமைந்தால் தொட்டி உயரத்தில் நிற்கும், வாய்க்கால் எல்லா வயலுக்கும் எட்டும். பக்கத்தில் ஒரு வேம்போ புங்கனோ நின்றால் மாட்டுக்கு நிழல். வெயில் ஏறுவதற்குள் முடிக்கக் கோழி கூப்பிடும் நேரத்திலேயே பூட்டிவிடுவார்கள். வெயில் தாழ்ந்தபின் மறுபடியும்.

இவ்வளவு பாடுபட்டு எவ்வளவு தண்ணீர் வந்தது? ஒரு சாலுக்கு 120 லிட்டர், நிமிடத்துக்கு ஒரு சால் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் மணிக்கு 7,200 லிட்டர். ஒரு ஏக்கரில் இரண்டு அங்குலம் நீர் நிற்க இரண்டு லட்சத்துச் சொச்சம் லிட்டர் வேண்டும். ஏறக்குறைய 28 மணி நேர வேலை. நாளைக்கு ஏழு மணி நேரம் ஓட்டினால் நான்கு நாள். வாரம் ஒரு தண்ணீர் கேட்கும் பயிர் என்றால் ஒரு ஜோடி மாட்டால் ஒன்றரை, மிஞ்சினால் இரண்டு ஏக்கருக்கு மேல் காப்பாற்ற முடியாது. பெரம்பலூரில் இன்று சின்ன வெங்காயம் விளையும் பரப்பைப் பார்ப்பவருக்கு இந்தக் கணக்கு ஒன்றைச் சொல்லும்: கவலைக் காலத்தில் கிணற்றுத் தோட்டம் என்பது புன்செய்க் கடலில் ஒரு திட்டு. மீதி நிலமெல்லாம் சோளமும் கம்பும் வரகும் பருத்தியுமாக மழையை நம்பிக் கிடந்தது.

அந்தச் சின்னத் திட்டை நம்பித்தான் ஊரில் பாதித் தொழில் நடந்தது. தச்சாசாரி கப்பியும் உருளையும் கடைந்தார். கொல்லர் அச்சும் சாலின் வளையமும் அடித்தார். வடத்துக்குச் சணப்போ கற்றாழை நாரோ திரிக்க ஆட்கள் இருந்தார்கள். எல்லோரையும் விட அடிக்கடி தேவைப்பட்டவர்கள் தும்பி தைத்த அருந்ததியர் குடும்பங்கள். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோலை வெட்டி, நீர் கசியாமல் தோல்வாரால் தைத்து, ஓட்டை விழுந்தால் கிணற்றுமேட்டுக்கே வந்து ஒட்டுப் போட்டுத் தர வேண்டும். கூலி காசாக வராது. அறுவடையில் களத்துமேட்டில் அளக்கும் தானியம்தான். அதையும் நிலத்துக்காரர் மனம் வைத்து அளக்க வேண்டும்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது, அதைத் தாண்டிப்போய் இந்த வரலாற்றை எழுதினால் அது பாதி வரலாறு. ஊர்த் தோட்டங்களுக்குப் போன தண்ணீரின் ஒவ்வொரு சொட்டும் இவர்கள் தைத்த தோல் வழியே வந்தது. அதே கைகள் ஊர்ப் பொதுக்கிணற்றில் குடம் விட முடியாது. மாட்டுத்தோல் தொட்ட நீரில் விளைந்த நெல்லுக்குத் தீட்டில்லை. தைத்தவருக்கு மட்டும் தீட்டு. ஒடுக்கப்பட்டோர் தலைவர் எம். சி. ராஜா முன்னெடுத்து மெட்ராஸ் மாகாணத்தில் 1938இல் வந்த சமூகத் தடை நீக்கச் சட்டம் பொதுக்கிணற்றை எல்லோருக்கும் திறந்துவிடச் சொன்னது. சட்டம் வந்த வேகத்தில் வாளி இறங்கிவிடவில்லை என்பது நாடறிந்த சங்கதி.

குடிநீர்க் கிணற்றின் உலகம் தனி. அங்கே ராட்டினமும் தாம்புக்கயிறும் குடமும். கயிறு அறுந்து குடம் உள்ளே விழுவது வாராவாரம் நடக்கும் கூத்து. அப்போது தேடப்படுவது பாதாளக் கரண்டி. இரும்பு வளையத்தில் நாலாபுறமும் கொக்கிகள் தொங்கும் அந்தச் சாமானைக் கயிற்றில் கட்டி இறக்கி, அடியில் துழாவி, குடத்தின் கழுத்தில் ஒரு கொக்கி மாட்டும் வரை பொறுமையாக ஆட்ட வேண்டும். ஊருக்கு ஒன்றிரண்டு வீடுகளில்தான் அது இருக்கும். இரவல் கேட்டுப் போனால் சும்மா தரமாட்டார்கள். ஒரு சொம்போ பாத்திரமோ ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்துவர வேண்டும். கிணற்றில் விழுந்ததை எடுக்கப் போன கரண்டியே கிணற்றில் தங்கிவிடும் ஆபத்து உண்டல்லவா.

பங்காளிகள் பிரிந்தால் நிலம் பிரியும், கிணறு பிரியாது. பெரிய கிணறுகளில் இரண்டு மூன்று பக்கமும் கவலை நிறுத்தினார்கள். இடமில்லாத கிணற்றில் முறை வைத்து இறைத்தார்கள். பழைய கிரயப் பத்திரங்களை எடுத்துப் பார்த்தால் கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, கவலை ஏற்றம், வாரி, இறவைச் சாமான், வாய்க்கால் நடை என்று வரிசையாக எழுதியிருக்கும். நீர் இருக்கும் வரை இந்த முறை பெரும்பாலும் ஓடியது. காரணம் எளிது: ஒரு நாளில் மாடு எடுக்கிற நீரை, இரவில் ஊற்று பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடும். பேராசை இல்லாமலில்லை. மாட்டின் மூச்சு அதற்கு வரம்பு கட்டியிருந்தது.

அந்த வரம்பை உடைக்க வந்தவை எஞ்சினும் மோட்டாரும். மெட்ராஸ் பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன், நம் ஊர் ஏற்றத்தையும் கவலையையும் அளந்து பார்த்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயில் எஞ்சின் பம்புகளை மாகாணமெங்கும் பரப்ப முயன்றவரும் அவரே. கிணறு வெட்டக் கடன் தரும் நில அபிவிருத்திக் கடன் சட்டம் 1883லேயே வந்துவிட்டது. எஞ்சினுக்கும் கடன் வந்தது. ஆனாலும் பெரம்பலூர் வட்டத்துச் சிறு விவசாயிக்கு எஞ்சின் எட்டாக்கனியாகவே இருந்தது. 1937இல் மேட்டூர் நீர்மின்சாரம் வந்து, விடுதலைக்குப் பின் 1950களிலும் 60களிலும் கிராமங்களுக்குக் கம்பி இழுக்கப்பட்ட பிறகே கவலை ஆட்டம் கண்டது. அதே 1937இல்தான் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள்.

ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஒன்று பாதித் திறனில் ஓடினாலும் 20 மீட்டர் ஆழத்திலிருந்து மணிக்கு 30,000 லிட்டருக்கு மேல் தள்ளும். நாலைந்து கவலையின் வேலை, பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கேட்காமல். யார்தான் வேண்டாம் என்பார்கள்?

மோட்டாரையும் எங்கே பொருத்துவது என்ற கேள்வி வந்தது. கிணற்றுக்கு மேலே வைத்தால் பம்பு ஏழெட்டு மீட்டருக்கு மேல் நீரை உறிஞ்சாது. காற்றின் அழுத்தம் அவ்வளவுதான் இடம் கொடுக்கும். எனவே கிணற்றுச் சுவரில் பாறையைக் குடைந்து திட்டு ஒன்று அமைத்து, மோட்டாரை உள்ளே இறக்கினார்கள். நீர் கீழே போகப்போகத் திட்டும் கீழே போனது. ஐப்பசி மழையில் ஒரே இரவில் கிணறு நிரம்பி மோட்டார் முழுகும். மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு காயில் கட்டுகிற கடைக்கு ஓட வேண்டும். தும்பி தைப்பவரின் இடத்தில் இப்போது காயில் கட்டுபவர் உட்கார்ந்தார். அவருக்குக் கூலி ரொக்கம்; களத்துமேட்டில் காத்திருக்க வேண்டியதில்லை.

மின்சாரம் அரசியலுமானது. 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். விவசாயிகள் சங்கத்து நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972இல் மாட்டுவண்டிகள் கோவையை அடைத்தன. 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. அதற்குள் இந்தப் பக்கத்துக் கிணற்றுமேடுகளில் கவலை ஏறக்குறைய ஓய்ந்திருந்தது. வாரிகள் தூர்ந்தன, கப்பிகள் அடுப்புக்குப் போயின, இரும்புச் சால்கள் கழுநீர்த் தொட்டியாயின. கொடுத்துவைத்தவை கொள்ளிடத்தை ஒட்டிய ஊர்கள்தான். வாத்தலை அருகே பிரியும் புள்ளம்பாடி வாய்க்கால், கரைவெட்டி ஏரி வரை காவிரி நீரைக் கொண்டுவந்தது. 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த அந்த ஏரிக்குப் பறவைகள் வருவதிலும் இந்த வாய்க்காலுக்குப் பங்குண்டு.

மேற்கே கதை வேறு. மோட்டார் எடுத்த வேகத்துக்கு ஊற்று ஈடுகொடுக்கவில்லை. கிணற்றை ஆழப்படுத்தத் தோட்டா வைத்துப் பாறையைப் பிளந்தார்கள். பிளந்த கல்லைத் தூக்க ஒரு கருவி வந்தது: கிணற்று ஓரத்தில் ஊன்றிய இரும்புக் கை, அதன் நுனியில் கப்பி, பின்னால் எஞ்சினில் சுழலும் உருளையில் சுற்றிய கம்பி வடம், கீழே தொங்கும் இரும்புத் தொட்டி. ஊரார் அதைக் கிரேன் என்கிறார்கள். உற்றுப் பார்த்தால் அது கவலைதான். மாட்டுக்குப் பதில் டீசல், நீருக்குப் பதில் கல். வேலை செய்பவர்கள் அதே தொட்டியில் ஏறி நின்று கிணற்றுக்குள் இறங்குகிறார்கள். கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்பதை நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்கள் அவ்வப்போது சொல்கின்றன. பிறகு போர்வெல் வண்டிகள் வந்தன. நீர்மூழ்கி மோட்டார்கள் நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்குப் போயின. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுக்கும் பகுதிகளைப் பற்றிப் பேசும்போது பெரம்பலூரின் பெயர் அடிபடாமல் இருப்பதில்லை.

இதைச் சாக்காக வைத்து, கவலைக் காலமே பொற்காலம் என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அது சரியில்லை. இருட்டில் எழுந்து மாட்டோடு மாடாகப் பின்னால் நடந்தவனும், ஒரு மரக்கால் தானியத்துக்காகத் தோல் தைத்தவனும், வாரியில் கால் இடறி விழுந்த மாடும் அதைப் பொற்காலம் என்று சொல்லமாட்டார்கள். இரண்டு ஏக்கருக்கு மேல் நனைக்க முடியாத கருவியால் இன்றைய வயிறுகளை நிரப்பவும் முடியாது. ஆனால் ஒரு கிணறு நாளைக்கு எவ்வளவு ஊறும் என்பதைத் தினமும் கண்ணால் பார்த்து, அதற்கு மேல் எடுக்க முடியாமல் வாழ்ந்த கடைசித் தலைமுறை அது. மோட்டார் வந்ததில் குற்றமில்லை. ஊற்றைக் கணக்கெடுக்கும் பழக்கம் மோட்டாரோடு போய்விட்டதுதான் நட்டம்.

அரியலூர் அருகே வாரணவாசியில் கடல் காலத்துப் புதைபடிவங்களுக்கு அரசு ஓர் அருங்காட்சியகம் அமைத்திருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுப் பழைய சிப்பிக்கு இடம் கிடைத்த ஊரில், அறுபது ஆண்டு முந்தைய கவலைக்கும் ஒரு மூலை ஒதுக்கலாம். கப்பி, உருளை, சால், தும்பி என்று ஒன்றை முழுதாகப் பொருத்தி நிறுத்தினால் பள்ளிப் பிள்ளைகள் பார்ப்பார்கள். அது நடக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியம் ஒன்று இருக்கிறது. வீட்டுப் பரணிலோ மாட்டுக்கொட்டகையிலோ இரும்புச் சாலோ கப்பியோ கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போடும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். கவலை ஓட்டிய கை இன்னும் உங்கள் ஊரில் இருந்தால், எண்பதைத் தாண்டியிருக்கும். இந்த வாரமே போய் ஒவ்வொரு உறுப்புக்கும் உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.